முதல் மொய்

கணியன் யாரையும் கடிந்து பேசியதில்லை. லஞ்சம் கேட்டதில்லை, சாதி பார்த்ததில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்ததும் இல்லை. ஒரு தொழிலின் விவரத்தை அந்த இயந்திரத்திடம் கொடுத்தால் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். நூற்றுக்கு எழுபது என்றால் அந்தத் தொழில் பிழைக்கும். வங்கிகள் வீடு தேடி வந்து கதவைத் தட்டும். நூற்றுக்கு இருபது என்றால் அதே வங்கியின் காவலாளிகூட ஏறிட்டுப் பார்க்க மாட்டார். பத்து வருடமாக நாடு முழுக்க இதுதான் நடைமுறை. அது சொன்னதில் பத்துக்கு ஒன்பது அப்படியே பலித்தது. பலிக்கிற ஒன்றோடு யார் வாதாடுவார்கள்?

மங்கையர்க்கரசிக்கு வாதாட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவளும் சம்பளம் வாங்குகிறவள். தரமணியில் ஊன்றுகோல் அறக்கட்டளையின் நான்காவது மாடியில், நன்கொடையாக வந்த பணத்தை எந்தத் தொழிலுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிற வேலை அவளுக்கு. முடிவு செய்கிற வேலை என்று அவளுடைய அடையாள அட்டையில் போட்டிருந்தது. உண்மையில் கணியன் சொன்ன எண்ணைப் படித்து, வந்தவர்களிடம் வருத்தம் தெரிவிக்கிற வேலை.

அன்று அவள் முன்னால் உட்கார்ந்திருந்தவள் பிர்தவ்ஸ். மல்லிப்பட்டினத்துக்காரி, வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரை வைத்திருந்தாள்.

"குடிச்சுப் பாருங்க அக்கா. காலையில கடல்ல மொண்ட தண்ணி."

அரசி குடித்தாள். நல்ல தண்ணீர். இரண்டாவது மடக்கும் குடித்தாள். மல்லிப்பட்டினத்திலிருந்து மீமிசல் வரை கடல் நிலத்தடியில் ஏறி, கிணறெல்லாம் உப்புக் கரித்துப் போன கடற்கரை அது. அரசியின் தம்பி செங்குட்டுவன் சேதுபாவாசத்திரத்தில்தான் இருக்கிறான். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற அவன் பெண்டாட்டியின் முகம் அரசிக்கு நினைவு வந்தது.

"கடற்பாசியிலேருந்து எடுத்த சவ்வு. வெயில் போதும், கரண்ட் வேணாம். உப்ப இந்தப் பக்கம் நிறுத்திட்டு, தண்ணிய மட்டும் அந்தப் பக்கம் விடும். ஆலையா கட்டுனா கடலோரம் மொத்தத்துக்கும் குடிதண்ணி குடுக்கலாம். நூறு கோடி வேணும்," என்றாள் பிர்தவ்ஸ்.

"கணியன் என்ன சொல்லுச்சு?"

"ஒம்பது."

அரசி பெருமூச்சு விட்டாள். பிர்தவ்ஸ் அதைக் கவனித்துவிட்டாள்.

"வெளிய போர்டுல 'வினையூக்கி முதலீடு'ன்னு பெருசா போட்ருக்கீங்களே, அது எதுக்கு அக்கா?"

"யாரும் பணம் போடப் பயப்படுற நல்ல தொழில் இருக்கும் இல்லையா? அதுல நாங்களும் கொஞ்சம் போடுவோம். லாபம் எதிர்பாக்க மாட்டோம். நஷ்டம் வந்தா எங்களோடது முதல்ல போகும். அந்தத் தைரியத்துல மத்தவங்க உள்ள வருவாங்க. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பியே, வினையூக்கி கொஞ்சம் சேத்தா…"

"எப்பப் போடுவீங்க?"

"மத்தவங்க எழுபது பங்கு போட்டதும் நாங்க முப்பது போடுவோம். அதுதான் விதி."

பிர்தவ்ஸ் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கோபமான சிரிப்பு. "நான் இந்தப் பாடத்துலதான் டாக்டர் பட்டம் வாங்கிருக்கேன். வினையெல்லாம் முடிஞ்சப்புறம் வந்து சேருறதுக்குப் பேரு வினையூக்கி இல்லக்கா."

அரசிக்குச் சுருக்கென்று இருந்தது. பிர்தவ்ஸ் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆவணி பொறந்தா அரசாங்கக் குழு உக்காருது. கணியன் எண்ணு இருபதுக்கு மேல போற தொழில் ஒன்னுகூட இல்லாத கடலோரத்தக் கைவிடு மண்டலம்னு அறிவிச்சுருவாங்க. ரோடு போட மாட்டாங்க, பள்ளிக்கூடம் நடத்த மாட்டாங்க. எல்லாரையும் ஒரத்தநாட்டுப் பக்கம் தொகுப்பு வீட்டுக்கு ஏத்திருவாங்க. அதுக்குள்ள பணம் வந்தா ஊரு இருக்கும். இல்லாட்டி இல்ல."

டம்ளரை அவள் எடுத்துப் போகவில்லை. அது மேசைமேலேயே இருந்தது.

நிர்வாக அறங்காவலர் கோதண்டபாணியிடம் அரசி அன்றைக்கே பேசினாள். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், அதனாலேயே யாருக்கும் நல்லது செய்யவும் அவசரப்படாதவர். விதியை எழுதியவரே அவர்தான்.

"நான் மட்டும் கல் மனசுக்காரனாம்மா? ஒம்பதுல பணம் போட்டா நம்ம அறக்கட்டளைக்கே கணியன் மதிப்பெண்ணைக் குறைச்சுரும். அப்புறம் எந்த நன்கொடையாளர் நம்மள நம்புவார்? மத்தவங்க வரட்டும், நாமும் வருவோம்."

மற்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அரசி தனக்குத் தெரிந்த மூன்று வங்கிகளுக்குப் பேசினாள். முதல் வங்கி, இரண்டாவது வங்கி போடட்டும் என்றது. இரண்டாவது வங்கி, ஊன்றுகோல் போடட்டும் என்றது. மூன்றாவது வங்கிக்காரர், "மேடம், ஒம்பதுன்னு தெரிஞ்சும் கேக்குறீங்களே" என்று அனுதாபப்பட்டார்.

ஆடி மாதம் பாதி போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் செங்குட்டுவன் தன் மகளுக்குக் காதணி விழா வைத்து, கூடவே மொய் விருந்தும் வைத்தான். பேராவூரணிப் பக்கம் ஆடி என்றாலே மொய் விருந்துதான். சாலை நெடுக ஃபிளெக்ஸ், மண்டபம் நிறைய கிடாக்கறி. வட்டியில்லாமல் ஊரே ஒருவனுக்கு முதல் போட்டுக் கொடுக்கும். அவன் அதை வைத்துப் பிழைத்து, அடுத்தவன் விருந்தில் கூடப் போட்டுத் திருப்பிச் செய்வான். கடை வைத்தவர்களும், போர்க் கிணறு போட்டவர்களும், மகனைப் படிக்க அனுப்பியவர்களும் இப்படி வந்தவர்கள்தான். அரசியின் கல்லூரிப் படிப்புகூட ஒரு மொய் விருந்தில் வந்த காசுதான்.

அத்தை என்பதால் அவள் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டாள். கூட்டம் வந்திருந்தது. கறி வெந்து வாசனை தெருவரை போயிருந்தது. ஊர் வாரியாக மொய் எழுதும் மேசைகள், மேசைக்கு ஓர் ஆள், பணம் எண்ணும் இயந்திரம், ஒலிபெருக்கி எல்லாம் தயார். ஆனால் மேசைப் பக்கம் ஒரு தலையும் காணோம். ஆண்கள் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். பெண்கள் சுருக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"என்னடா இது?" என்றாள் தம்பியிடம்.

செங்குட்டுவனுக்கு வேர்த்து ஊற்றியது. "தாய்மாமன் மொய் விழாம யாரு எழுதுவா? என் மச்சான் கலியபெருமாள் தொண்டியிலேருந்து வர்றாரு. மீமிசல்கிட்ட ரோட்டு மேல கடல் ஏறிக் கிடக்காம். வண்டி நகரல."

"மாமன் வர்ற வரைக்கும் காத்திருக்குறதுதான?"

"அது மட்டும் இல்லக்கா." அவன் குரலைத் தாழ்த்தினான். "எல்லாருக்கும் தெரியும், ஆவணில நம்மள ஏத்திருவாங்கன்னு. ஊரே கலைஞ்சு ஆளுக்கொரு பக்கமா போயிட்டா, இன்னைக்கு எழுதுற மொய் அவங்களுக்கு எங்க திரும்பி வரும்? நாகரிகத்துக்கு வந்திருக்காக. மாமன் எவ்வளவு போடுறாருன்னு பாத்துட்டு, ஐநூறோ ஆயிரமோ போட்டுட்டுப் போவாக. மாமனும் வரலன்னா சாப்புட்டுட்டுப் போயிருவாக. எனக்கு இந்தக் கிடாக் காசுகூடத் தேறாது."

அரசி நான்காவது மாடியில் பார்த்துக்கொண்டிருக்கும் அதே காத்திருப்பு. இங்கே வேட்டி சட்டையில் நின்றது.

அப்போது செங்குட்டுவனின் கைபேசி அடித்தது. மச்சான்தான். பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஓடிப்போய் கைபேசியை ஒலிபெருக்கியின் மைக்கில் வைத்தான். கரகரவென்ற சத்தத்தினூடே கலியபெருமாளின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. தண்ணிக்குள்ள நிக்கிறேன், இப்பைக்கு வர முடியாது. எழுதுற தம்பி, என் பேர்ல மூணு லட்சம் எழுதிக்கப்பா. ஊரு இருக்குமா இருக்காதான்னு எனக்குத் தெரியாது. என் மருமக காது குத்திக்கிறா, மாமன் செய்யணும். திரும்பி வரலன்னாலும் பரவாயில்ல. நீங்கள்லாம் சாப்புடுங்க."

பிறகு மீசைக்கார மனிதர் ஒருவர் சுவரைவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பையிலிருந்து எடுத்த ஐநூறை உள்ளே வைத்துவிட்டு, உள்பையில் கைவிட்டார் ஒருவர். அரை மணியில் ஐந்து மேசையிலும் வரிசை வாசலைத் தாண்டியது. பணம் எண்ணும் இயந்திரம் ஒன்று சூடாகி நின்றேபோனது. இத்தனைக்கும் யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. கடல் இறங்கவில்லை, அரசாங்கம் மனம் மாறவில்லை. ஒரே ஒரு ஆள், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டான். அந்த முதலை வைத்துச் செங்குட்டுவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான்; மற்றவர்கள் போடுகிற பணம் திரும்பி வருவதற்கு ஒரு வழி பிறந்துவிட்டது.

எல்லோர் பையிலும் பணம் இருந்தது, முதல் கைதான் இல்லை என்று அரசிக்கு அப்போது விளங்கியது. விளங்கிய வேகத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்படியே மண்டபத்தின் பின்பக்கம் போய் அலோசியஸைக் கூப்பிட்டாள்.

அலோசியஸ் அவளோடு கல்லூரியில் படித்தவன். கணியனை உருவாக்கிய முக்காலம் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளன்.

"டேய், ஒன்னு கேக்குறேன், சுத்தி வளைக்காம சொல்லு. கணியன் ஒரு தொழில எட போடும்போது, அதுக்குப் பணம் கிடைக்குமா கிடைக்காதான்னும் சேத்துத்தான பாக்கும்?"

"பின்ன? பணம் கிடைக்காத தொழில் எப்படிப் பொழைக்கும்?"

"பணம் கிடைக்குமான்னு எத வச்சுப் பாக்கும்?"

"வங்கிங்க என்ன செய்யும்னு கணிக்கும்."

"வங்கிங்க எத வச்சு முடிவு பண்ணும்?"

"கணியன வச்சு," என்றான் கடைசியில்.

"அப்ப உன் மெஷின் பத்து வருஷமா தன் மூஞ்சிய கண்ணாடில பாத்துத்தான் ஜோசியம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு!"

"அவ்வளவு கேவலமா சொல்லாத அரசி. ஆனா… நீ சொல்றதுல ஒன்னு இருக்கு."

"யாராவது ஒருத்தர், நீ என்ன எண்ணு வேணா சொல்லு, போனாலும் பரவால்லன்னு மொத ஆளா உறுதியாப் பணம் போட்டா, மல்லிப்பட்டினம் ஆலைக்கு எவ்வளவு சொல்லும்?"

"அதுக்குத் தெரியாது. நெசமாத்தான் சொல்றேன். பத்து வருஷத்துல கணியன் பேச்ச மீறி ஒருத்தரும் மொதல்ல பணம் போட்டதில்ல. பாத்ததே இல்லாதத அதால கணிக்க முடியாது."

"சரி, காட்டுவோம்," என்று சொல்லிவிட்டு அரசி பந்திக்குப் போனாள். அன்று மூன்று தரம் கறி வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் கோதண்டபாணியின் அறையில் அவள் நின்றுகொண்டே பேசினாள். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"சார், நமக்கு வந்த நன்கொடை எதுக்கு வந்துச்சு? லாபம் வேணும்னா அவங்க சந்தையில போட்டிருப்பாங்க. வட்டி வேணும்னா வங்கில போட்டிருப்பாங்க. போனாலும் பரவால்ல, நாலு பேருக்கு வழி திறக்கட்டும்னு சொல்லிக் குடுத்த பணம் சார் இது. நாட்டுல அப்படிப்பட்ட பணம் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. அதையும் நாம கடைசி ஆளா கொண்டுபோய்ப் போடுறோம். எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம் எல போடுற மாதிரி."

"போயிடுச்சுன்னா?"

"போயிடுச்சுன்னா போயிடுச்சு. முப்பது கோடி போகும், நம்ம பேரு போகும், என் வேல போகும். போடலன்னா அந்தக் கடலோரம் போகும். அது நிச்சயமா போகும்."

கோதண்டபாணி எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பயமா இருக்கும்மா," என்றார். இத்தனை வருடத்தில் அவர் மனதில் இருந்ததை அப்படியே சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான் சார்."

"கமுக்கமா போடக்கூடாது. ஊரறியப் போடணும்," என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினார். அரசி ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்படி யாரும் அந்த அலுவலகத்தில் செய்ததில்லை.

ஊரறியத்தான் போட்டார்கள். மல்லிப்பட்டினம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஆலை வரவேண்டிய பொட்டலில் பந்தல் போட்டு, வங்கிகளையும் முதலீட்டு நிறுவனங்களையும் விருந்துக்கு அழைத்தாள் அரசி. பிர்தவ்ஸின் அண்ணன் ஐந்து பெரிய செம்பு பிரியாணியை அடுப்பில் ஏற்றினார். சென்னையிலிருந்து குளிரூட்டிய வண்டிகளில் வந்தவர்கள் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பணம் போட வந்ததாக யாரும் சொல்லவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார்கள். பந்தல் முகப்பில் பெரிய திரை. அதில் கணியனின் எண்: ஒன்பது. புது விவரம் வர வர எண்ணும் மாறும்.

கோதண்டபாணி மைக்கைப் பிடித்தார். 

"ஊன்றுகோல் அறக்கட்டளை, முப்பது கோடி. நிபந்தனை கிடையாது. ஆலை நட்டப்பட்டா எங்க முப்பதும் காலியானப்புறம்தான் மத்தவங்க பணத்துல ஒரு ரூபா குறையும். திரும்பி வரலன்னா நாங்க வழக்குப் போட மாட்டோம், வருத்தப்படவும் மாட்டோம். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். எண் சிமிட்டியது. ஒன்பது, ஆறு ஆனது.

பந்தலில் ஒரு முனகல் எழுந்தது. கணியனுக்கு இப்படி ஒரு காரியம் புரியவில்லை. பைத்தியக்காரர்கள் நடத்தும் ஆலை என்று முடிவுகட்டிவிட்டது. கோட்டைக் கையில் வைத்திருந்த ஒருவர் அதை மறுபடி மாட்டத் தொடங்கினார். பிர்தவ்ஸ் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். தம்பியின் முகம், அவன் பெண்டாட்டியின் குடம், கோதண்டபாணியின் கையெழுத்து எல்லாம் அரசிக்கு ஒன்றாக நினைவு வந்தது.

விசைப்படகு உரிமையாளர் சங்கத்துக்காரர்கள்தான் முதலில் எழுந்தார்கள். "எங்க பேர்ல ரெண்டு கோடி எழுதுங்க. கடலுக்குப் போறப்பல்லாம் லாரித் தண்ணி வாங்கவே டீசல் காசுல பாதி போகுது." பந்தல் கைதட்டியது. எண் ஆறிலேயே நின்றது.

பிறகு, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து அரசியிடம் வந்தாள். தஞ்சாவூரில் ஒரு சின்ன கூட்டுறவு வங்கியின் மேலாளர், பெயர் சுகந்தி.

"ஒன்னு தெளிவாச் சொல்லுங்க. நான் பத்து கோடி போட்டு, ஆலை கால்வாசி நட்டத்துல போனா, எனக்கு எவ்வளவு போகும்?"

"ஒரு ரூபாகூடப் போகாது. கால்வாசியும் எங்களோடதுலதான் போகும்."

"அப்ப நான் பயப்பட வேண்டியது, முப்பதுக்கு மேல போனாத்தான்."

"ஆமா."

சுகந்தி தண்ணீர்க் குழாய் பக்கம் போனாள். மாதிரிக்காக வைத்திருந்த சவ்வுத் தொட்டியைச் சுற்றி வந்தாள், குனிந்து பார்த்தாள், ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். பிர்தவ்ஸிடம் எதையோ கேட்டாள், பதிலைக் கேட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள். பந்தல் மொத்தமும் அவளையே பார்த்தது. திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"பத்து வருஷமா நானே யோசிச்சு ஒரு கடன்கூடக் குடுத்ததில்லைங்க. எண்ணப் பாத்துக் குடுத்தேன், எண்ணப் பாத்து மறுத்தேன். இன்னைக்கு யோசிச்சுட்டேன். பத்து கோடி எழுதிக்குங்க."

எண் சிமிட்டியது. பத்தொன்பது.

அந்த நொடியை அரசி பிறகு பலருக்கும் விவரிக்க முயன்றிருக்கிறாள், முடியவில்லை. கோட்டு மாட்டியவர் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அப்படியே நின்றார். எண் ஏறியதைப் பார்த்து ஓர் ஆள் வந்தார். அவர் வந்ததால் எண் ஏறியது. ஏறியதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முப்பத்து நான்கு. ஐம்பத்திரண்டு. இத்தனை வருடம் ஆட்களைப் பின்னால் தள்ளிய அதே இயந்திரம் இப்போது முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அனுதாபப்பட்ட மூன்றாவது வங்கிக்காரர் பிரியாணித் தட்டோடு ஓடிவந்து, "மேடம், எங்களுக்கும் கொஞ்சம் இடம் வைங்க" என்றார். தயிர்ச் சட்டி வரும்போது நூறு கோடி நிறைந்து, அதற்கு மேலும் இருபது வந்திருந்தது. பிர்தவ்ஸ் அரசியைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். படகுக்காரர்கள் வெடி வெடித்தார்கள். கோதண்டபாணி யாருடைய தோளிலோ ஏறியிருந்தார்; எப்படி ஏறினார் என்று அவருக்கும் தெரியவில்லை, எப்படி இறங்குவது என்பதும் தெரியவில்லை.

ஆவணியில் கூடிய அரசாங்கக் குழு, இருபதுக்கு மேல் எண் இருப்பதைப் பார்த்துக் கோப்பை மூடியது. அடுத்த ஆடிக்கு முன்பே ஆலை ஓடியது. செங்குட்டுவன் பெண்டாட்டி வாசலில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வீணாகிறதே என்று மற்றவர்கள் சத்தம் போடும்வரை கையை நனைத்துக்கொண்டே இருந்தாளாம். ஆலை முதல் வருடமே நட்டமில்லாமல் நடந்தது. முப்பது கோடியும் பத்திரமாக இருந்தது. கோதண்டபாணி பழைய விதியை எடுத்துவிட்டு ஒரே வரியில் புது விதி எழுதினார்: நாம் முதலில் போடுவோம். அதைக் கேள்விப்பட்டு நன்கொடையும் கூடியது. ஊன்றுகோல் கடலோரத்தில் நான்கு இடம், மலையில் மூன்று இடம் என்று முதல் ஆளாகப் போய் நின்றது. எல்லாம் வென்றது என்று சொன்னால் பொய். மலையில் ஒன்று தோற்றது, போட்டது போனது. சொன்னபடி யாரும் வருத்தப்படவில்லை, அரசி மட்டும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கணியனுக்குத்தான் கெட்ட காலம். சுகந்தி மாதிரி நாலு பேர் தாங்களாக யோசிக்க ஆரம்பித்ததும், பத்துக்கு ஒன்பது பலித்தது பத்துக்கு ஆறு ஆனது. ஆறு பலிக்கிறதற்கு யார் கட்டணம் கட்டுவார்கள்?

ஒருநாள் காலை, வரவேற்பறையில் விண்ணப்பதாரர்களுக்கான நாற்காலியில் அலோசியஸ் உட்கார்ந்திருந்தான். முடி வெட்டி, சட்டையை உள்ளே விட்டிருந்தான். மடியில் கோப்பு.

"யாரப் பாக்கணும் சார்?" என்றாள் அரசி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"உன்னத்தான். பணம் கேட்டு வந்திருக்கேன்."

அவனை உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்தாள். முக்காலம் நிறுவனம் கணியனை மூடப்போகிறது. அலோசியஸும் அவனுடைய ஆட்களும் அதை வாங்கிப் புதிதாகக் கட்ட நினைக்கிறார்கள். இனிமேல் அது ஒற்றை எண்ணைச் சொல்லாது. 'இப்படியே விட்டால் இவ்வளவு, யாராவது முதல் ஆளாக நின்றால் இவ்வளவு' என்று இரண்டையும் சொல்லும். மல்லிப்பட்டினத்துக்குப் பிறகு அதைக் கணிக்க அதனிடம் போதுமான அனுபவம் சேர்ந்துவிட்டது. முதல் போட ஆள் இல்லை.

"உங்க திட்டம் பொழைக்குமான்னு கணியன்கிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டோம்."

"எவ்வளவு?"

"நாலு."

அரசி மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அலோசியஸும் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. அதைப் பார்த்து அவளும் நிறுத்தினாள்.

"அந்த ரெண்டாவது கேள்விய எந்த ஊருக்காவது கேட்டுப் பாத்தியா?" என்றாள். "யாராவது முதல்ல நின்னிருந்தா எவ்வளவுன்னு?"

"பழைய கைவிடு மண்டலத்துக்கெல்லாம் கேட்டேன். எங்க ஊருக்கும் கேட்டேன்."

அவன் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரைக் கிராமம். நாலு வருடத்துக்கு முன் காலி செய்துவிட்டார்கள். அங்கே இருந்த தொழில்களில் மிஞ்சிய எண்ணே பதினொன்றுதான். அறிக்கையைச் சரிபார்த்து அனுப்பியது அவன்தான். ஊரைவிட்டு வண்டி ஏறிய அன்று அவன் அம்மா அவனோடு பேசவில்லை என்று இப்போதுதான் சொன்னான்.

"எவ்வளவு வந்துச்சுடா?"

"அறுபத்தெட்டு."

அந்த அறுபத்தெட்டைத் தூக்கிக்கொண்டு அவன் எத்தனை இடத்துக்கு ஏறி இறங்கியிருப்பான் என்று அரசி நினைத்தாள். பிறகு அவனுடைய கோப்பைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைத் தேடினாள்.

"ஊன்றுகோல் முதல்ல போடுது," என்றாள். "ஊரறியச் சொல்லிருவோம். அப்புறம் உங்க ஊருக்கும் நாமதான் முதல். ஆனா, ஊரு காலியாயி நாலு வருஷம் ஆச்சே. திரும்பி வர ஆளு இருக்கா?"

அலோசியஸ் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எண்ண மட்டும்தான் போன்ல சொன்னேன்," என்றான். "எங்கம்மா நேத்தே பெட்டி கட்டிட்டாங்க."